மாவு அடித்த நேரம்

அந்தக் கதையைத் துரைசிங் பல வருஷங்களாகவே சந்தேகப்பட்டு வந்திருக்கிறார். வெளியே சொன்னதில்லை. சந்தேகப்படுகிறோம் என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டதுகூட ஐம்பது தாண்டிய பிறகுதான். கதை சின்னது, எப்சி அக்கா அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். எண்பதாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், அம்மா வீட்டில் கேக் மாவு அடித்துத் தகர டின்னில் ஊற்றி, வீட்டுப் பேர் எழுதின சீட்டைப் பசை தடவி ஒட்டி, பேக்கரி அடுப்பில் சுட்டு வாங்கி வரச்சொல்லி அக்காவையும் தம்பியையும் அனுப்பினாள். பாளையங்கோட்டையில் அப்போது பாதி வீடுகளில் அப்படித்தான், மாவு நம்முடையது, அடுப்பு பேக்கரிக்காரருடையது. வழியில் ஓடைப் பாலத்தின் மேல் பதினோரு வயதுத் துரை டின்னைக் கீழே போட்டான். மூடி இருந்ததால் சிந்தவில்லை, ஆனால் மாவு குலுங்கி உயிர் போய்விட்டது. கேக் எழும்பாமல் நடுவில் குழிவிழுந்து வந்தது. மூன்றாம் நாள் பத்தொன்பது வயது எப்சியைப் பெண் பார்க்கச் சாயர்புரத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் அந்தக் கேக்கைத்தான் வெட்டி வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தொடவில்லை. சம்பந்தம் நின்றுபோனது, பிறகு வந்த மூன்றும் நின்றுபோயின. எப்சி அக்கா டீச்சராகி, ஓய்வும் பெற்று, அறுபத்து நாலு வயதில் துரைசிங் வீட்டின் பின்பக்க அறையில் தனியாக இருக்கிறாள். துரையின் கைராசி அன்றைக்கு முடிவாகிவிட்டது. நாங்கள் கிறிஸ்தவர்கள், ராசியெல்லாம் பார்க்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே குடும்பம் முழுக்க நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கையைப் பார்த்து வருகிறது.

இன்று சனிக்கிழமை. பேத்தி மிரியத்துக்கு ஒரு வயது முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்ணார்பேட்டையில் மகள் ஷெரின் வீட்டில் ஜெபம் பண்ணிக் கேக் வெட்டுகிறார்கள். மனைவி ரோஸ்லின் காலையிலேயே போய்விட்டாள். துரைசிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சமையல் மேடையில் மைதாவையும் சீனியையும் தயிரையும் வெண்ணெயையும் வரிசையாக வைத்து, தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளர். அந்த முப்பத்தொரு வருஷத்தில் இரண்டே இரண்டு பிப்பெட் உடைத்த கை இது. ஆசிட் பாட்டிலைத் திறந்து ஊற்றிய கை. எந்தப் பையன் கண்ணிலும் ஒரு சொட்டு பட்டதில்லை. இதைச் சம்பந்தியம்மாளிடம் சொல்லியிருக்கலாம், போன ஞாயிற்றுக்கிழமை, குழந்தையின் கையைப் பிடித்துக் கேக் வெட்டுவது யார் என்று பேச்சு வந்தபோது. "தாத்தா பிடிக்கட்டுமே" என்று ஷெரின்தான் சொன்னாள். உடனே எப்சி அக்கா சிரித்துக்கொண்டே, "ஐயோ, கேக்குப் பக்கம் மட்டும் அவன் கைய விட்டுராதிய" என்று கதையைச் சொல்லிவிட்டாள், பாலம், டின், சாயர்புரம் எல்லாம். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாளும் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்தபின் அவள் முகம் பழையபடி திரும்பவில்லை. "நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல. இருந்தாலும் இவன் சித்தப்பாவே பிடிக்கட்டும், அவருக்கும் ஆசையா இருக்கும்" என்றாள், தன் மகனைக் காட்டி. துரைசிங் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் மகள் எப்போதோ அனுப்பியிருந்த ஒரு வீடியோவைத் தேடி எடுத்தார். கேக் பாப். கேக்கை உதிர்த்து, க்ரீம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, குச்சியில் குத்தி, சாக்லேட்டில் முக்கி எடுக்கிற பலகாரம். அதை யாரும் வெட்ட வேண்டியதில்லை. கத்தி கிடையாது, கை பிடிக்கிறவர் கிடையாது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. செய்வேன். இந்தக் கையால்தான் செய்வேன். இருபத்து நாலு செய்து, நானே தட்டில் அடுக்கி, நானே ஏந்திக்கொண்டு போய் நடுக்கூடத்தில் வைப்பேன்.

மாவு நன்றாகவே வந்தது. தயிரில் சோடாவைப் போட்டதும் நுரைத்தது, அந்த நுரையைப் பார்த்ததில் ஒரு பழைய சந்தோஷம், ஆய்வகத்தில் முதல்வருஷப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்களே அந்த மாதிரி. மாவை டின்னில் ஊற்றியதும் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அந்தப் பெண் சொன்னாள்: இப்போது டின்னை மேடையில் நாலு தட்டு நல்லாத் தட்டுங்க, உள்ளே இருக்கிற பெரிய காற்றுக்குமிழியெல்லாம் போகட்டும். அவர் தட்டினார், ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவதில் கை நின்றுவிட்டது. தட்டச் சொல்கிறார்கள். மாவை ஓங்கித் தட்டத்தான் சொல்கிறார்கள். தட்டினால் மாவு சாகாது, நல்லதுதான் என்கிறார்கள். அப்படியானால் பாலத்தின் மேல் ஒருமுறை விழுந்த டின்னுக்கு என்ன வந்தது? நாலாவது தட்டைக் கோபத்தோடு தட்டினார். அப்போதுதான் குக்கர் ஞாபகம் வந்தது. குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, வெறும் குக்கரைப் பத்து நிமிஷம் முதலில் சூடாக்க வேண்டும். பெரிய குக்கரைக் காணோம். பரண், கட்டிலடி, கொல்லை எல்லாம் தேடி எடுப்பதற்குள் ரோஸ்லின் போன் வந்துவிட்டது. "என்னத்துக்குங்க உங்களுக்கு இந்த வேலை? அதான் ரெண்டு கிலோ கேக்குக்குச் சொல்லியாச்சுல்லா" என்றாள். "அது வெட்டுற கேக்கு. இது வெட்டாத கேக்கு." "நல்லாருக்கு நியாயம். சம்பந்தியம்மா ஏதாவது நெனைச்சிறப் போறாவ." "நெனைக்கட்டும்." "எப்சி மதினிக்குத் தெரியுமா?" "தெரியும்போது தெரியும்." ரோஸ்லின், "வரும்போது அந்த நீலச் சட்டையப் போட்டுட்டு வாங்க, கறைபடாம" என்றாள். அவள் பக்கத்திலிருந்து அவ்வளவு ஆதரவு வருவதே பெரிய விஷயம். போனை வைத்து, குக்கரைச் சூடாக்கி, டின்னை உள்ளே இறக்கும்போது மணி பார்த்தார். மாவு அடித்து ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

கேக் எழும்பவில்லை. முக்கால் மணி கழித்து மூடியைத் திறந்தபோது ஓரமெல்லாம் உயர்ந்து நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கிக் கிடந்தது. அவருக்கு முதலில் வந்தது வெட்கம், அதன் பின்னாலேயே பயம் வந்தது. வெந்த மாவின் வாசனையும் சூடான உப்பின் வாசனையும் மூக்கில் ஏற, பயம் கால்வழியாக இறங்கித் தரையில் நின்றது. அப்படியானால் இருக்கிறதோ? கையில்தான் இருக்கிறதோ? இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது முதல் கல்லை மச்சான் எடுத்து வைத்தார், துரைசிங் தன் வீட்டுக்குத் தானே ஒரு கல் வைக்கவில்லை, அதைக்கூடப் பெருந்தன்மை மாதிரி சிரித்து ஒதுங்கிக்கொண்டார். ஷெரின் கல்யாணத்தில் மோதிரப் பெட்டியை யார் யாரோ கைமாற்றினார்கள், அவர் கைக்கு வரவில்லை. அதெல்லாம் போகட்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஷெரினுக்கு முதல் கரு தங்கி நாலாம் மாதம், பரணில் கிடந்த பழைய தொட்டிலை ஆசை பொறுக்காமல் இறக்கித் துடைத்து வார்னிஷ் அடித்தார். அந்த வாரமே கரு கலைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ, யார் என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, "தொட்டில இப்பமே யாரு இறக்கினா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் உள்ளே எங்கோ குச்சி மாதிரி நிற்கிறது. அதனால்தான் மிரியம் பிறந்து மூன்று மாதம்வரை அவளைக் கையில் வாங்காமல் பக்கத்தில் நின்றே பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி நானே நடந்துகொண்டேன், அதுதான் அசிங்கம், என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வந்த கோபத்தில் அமுங்கின கேக்கை டின்னோடு தட்டில் கவிழ்த்தார். இதை எப்படியும் உடைக்கத்தானே போகிறோம். எழும்பினாலும் உடைப்பார்கள், அமுங்கினாலும் உடைப்பார்கள். இரண்டு கையையும் சூட்டோடு சூடாக உள்ளே விட்டுப் பிய்த்தார்.

உதிர்ப்பது ஒரு நல்ல வேலை. விரல் தன்பாட்டுக்குப் போகும், மனசு தன்பாட்டுக்குப் போகும். ஐம்பது நிமிஷம் என்ற கணக்கு மட்டும் போகாமல் திரும்பத் திரும்ப வந்து நின்றது. தயிரும் சோடாவும் சந்தித்த நிமிஷத்திலிருந்து வாயு கிளம்பிவிடும், அடுப்புக்குள் போகும்வரை அது காத்திருக்காது. இது அவர் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை எடுத்துவைத்துக் காட்டிய சோதனை. காத்துக் கிடந்த மாவுதான் சாகும். அன்றைக்கு அந்த மாவு எங்கே காத்துக் கிடந்தது? கதையில் காத்திருப்பே கிடையாது. கதையில் இரண்டு பேரும் வீட்டிலிருந்து நேரே போகிறார்கள், பாலம் வருகிறது, டின் விழுகிறது, பேக்கரி வருகிறது. பாலத்தில் தான் டின்னைப் போடுவது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, காக்கி நிக்கர், பின்னால் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு, தடுமாறும் கால். நாற்பத்தைந்து வருஷமாக அந்த ஒட்டைப் பார்த்து வருகிறார். இப்போது கேக்குத் தூளுக்குள் விரல் நின்றது. என் நிக்கரின் பின்பக்கத்து ஒட்டு எனக்கு எப்படித் தெரியும்? அதை நான் எங்கிருந்து பார்த்தேன்? பின்னால் வருகிறவருக்குத்தானே அது தெரியும். அந்த ஞாபகம் என் கண்ணில் விழுந்ததில்லை, என் காதில் விழுந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டுக் கேட்டு உள்ளே வரைந்துகொண்ட படம். இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏதோ ஒரு மதில், பச்சைக் கேட், துருவின் வாசனை. நான் மதகுத் திண்டில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் டின். தொடையில் தகரத்தின் விளிம்பு அழுத்துகிறது. எறும்பு ஒன்று முழங்காலில் ஏறுகிறது, டின்னை விட்டுக் கையை எடுக்கப் பயந்து அதை ஊதித் தள்ளுகிறேன். சீட்டில் அம்மா எழுதின வீட்டுப் பேரைத் தலைகீழாகப் படிக்கிறேன், நேராகப் படிக்கிறேன், மறுபடி தலைகீழாகப் படிக்கிறேன். வெயில் நகர்ந்து மதிலின் நிழல் என் கால்வரை வந்துவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிளின் பின்சக்கரம், கேட்டின் கம்பியில் ஒரு ஆண்பிள்ளைக் கை, இந்தப் பக்கம் எப்சி அக்காவின் தாவணி. ஒருதடவை அவள் திரும்பி, "இந்தா வந்துட்டேன்ல" என்கிறாள். இது வேறொரு நாளாக இருக்கலாம் என்றுதான் இத்தனை நாளும் தள்ளி வைத்திருந்தார். வேறு எந்த நாள்? அந்த ஒருதடவைக்கு முன்னாலும் பின்னாலும் டின்னை என் கையில் அம்மா கொடுத்ததே இல்லையே. மடியில் டின்னோடு நான் உட்கார்ந்திருக்க வாழ்க்கையில் ஒரு நாள்தான் இருந்தது.

கொல்லைக் கதவு திறந்து எப்சி அக்கா உள்ளே வந்தாள், சாயங்காலத்துக்குக் கட்ட வேண்டிய சேலையைக் கையில் மடித்துப் போட்டபடி.

"என்னல துரை, வாசம் என் ரூம்வரைக்கும் வருது? வீட்டக் கொளுத்திட்டியோன்னு பாத்தேன்."

"கேக்கு செய்யுதேன்."

"நீயா?" மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "எழும்புச்சா?"

"எழும்பல."

"எனக்குத் தெரியும்லா." சிரித்தாள். அவள் சிரிப்பில் விஷம் இருந்ததே இல்லை, அதுதான் இத்தனை வருஷமும் சிக்கல். "இதென்னல, கோழிக்குப் போடுத தவிடு மாதிரி உதுத்து வச்சிருக்க?"

"இது இப்படித்தான். உதுத்துத்தான் உருட்டணும்."

"உருட்டிக் குச்சியில குத்தவா? பிள்ளைக கண்ணக் குத்திராம."

"மிரியத்துக்குக் குச்சி இல்லாம, சாக்லேட் இல்லாம, தனியாச் சின்னதா ஒண்ணு."

"எல்லாம் யோசனையாத்தான் இருக்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கொண்டுபோகாதல. சொன்னாக் கேளு. சம்பந்தியம்மா மனசு ஒரு மாதிரி."

"அவுக மனச ஒரு மாதிரி ஆக்கினது யாரு?"

அக்கா சேலையின் மடிப்பை நீவினாள். "தமாசுக்குச் சொன்னது."

அவர் தூளில் வெண்ணெய்க் க்ரீமைப் போட்டுப் பிசைந்தார், உருட்டினார், ஒவ்வொன்றையும் தராசில் வைத்து முப்பது கிராம் சரிபார்த்துத் தட்டில் வைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள், தங்கம் நிறுக்கானாம் என்று ஒருதடவை முணுமுணுத்தாள். குளிர்பெட்டியில் அரைமணி. சாக்லேட் கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினார், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் கட்டிபட்டுவிடும் என்பது தெரிந்ததால் கரண்டியை இரண்டுமுறை துடைத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பது முதுகில் வெயில் மாதிரி உறைத்தது. டின் விழுந்ததாக அன்றைக்கு அம்மாவிடம் ஏன் சொன்னாள்? பதில் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னால், ஏன் நேரமாயிற்று என்று அம்மா கேட்பாள். டின் விழுந்தது என்று சொன்னால், யார் போட்டது என்று மட்டும்தான் கேட்பாள். பத்தொன்பது வயதுப் பெண், சாயங்காலம், வாசலில் நிற்கும் அம்மா. அந்த ஒரு நிமிஷத்துக்கு என் கை அவளுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டாள். பிறகு திருப்பித்தர வழியில்லாமல் போயிருக்கும். அவ்வளவுதானே. இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்கிற மனசின்மேல் அவருக்கு எரிச்சல் வந்தது. புரிந்துகொண்டே, விட்டுக்கொடுத்தே, ஒதுங்கி நின்றே ஒரு ஆயுள் போய்விட்டது. தொட்டிலைத் துடைத்த கையைத் தனியாக உட்கார்ந்து வெறித்துப் பார்த்தவன் நான். அவள் தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னால்தானே என்று சோறு இறங்காமல் எழுந்து போனவன் நான். இன்றைக்கு விடமாட்டேன்.

குச்சி நுனியைச் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையில் பாதிவரை குத்தி, தலைகீழாக முக்கி எடுத்தார். முதல் உருண்டை குச்சியைவிட்டு நழுவி, கிண்ணத்துக்குள் தொப்பென்று விழுந்து முங்கியது.

"ம்ம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள், அந்த ஒரு ம்ம் போதும்.

"குளிர் பத்தல. அவ்வளவுதான். கைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. தட்டை மறுபடி குளிரில் வைத்துக் கால்மணி நின்றுகொண்டே காத்திருந்தார். இரண்டாவது நின்றது. முக்கி, மெதுவாகச் சுழற்றி, ஓரத்தில் தட்டித் தட்டி அதிகப்படியை வடியவிட்டு, துளையிட்ட தெர்மாகோலில் நட்டார். மூன்றாவது நின்றது. நாலாவதில் ஓடு லேசாகக் கீறியது, வண்ணச் சீனியைத் தூவி மறைத்தார். பத்தாகி, பதினைந்தாகி, மேடை முழுக்கச் சின்னச் சின்னத் தலைகள் பளபளத்துக்கொண்டு அவரையே பார்த்தன. அக்கா எழுந்து வந்து, கிண்ணத்தில் விழுந்து கிடந்ததைக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள்.

"நல்லாத்தாம்ல இருக்கு, சவத்த."

"அக்கா."

"என்ன?"

"பேக்கரி மாஸ்டர் அன்னைக்கு டின்னத் திறந்து பாத்துட்டு, எப்பம்மா அடிச்ச மாவு இதுன்னு உங்கிட்டக் கேட்டாரு. நீ இப்பத்தான்னு சொன்ன."

கரண்டி அவள் உதட்டருகே நின்றது. "எந்த மாஸ்டரு?"

"ரொம்ப நேரம் காத்துக் கெடந்துச்சு அந்த மாவு. என் மடியிலதான இருந்துச்சு, எனக்குத் தெரியாதா."

குழாயில் தண்ணீர் சொட்டியது. மறுப்பாள் என்று நினைத்தார். அழுவாள் என்றுகூட ஒரு விநாடி நினைத்துப் பயந்தார், அழுதால் என்ன செய்வதென்று தெரியாது, வழக்கம்போல விட்டுக்கொடுத்துவிடுவார். அவள் இரண்டும் செய்யவில்லை. கரண்டியைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் மாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் நரைத்த கொண்டையின் பின்னால் கழுத்து நேராக இருந்தது. நான் டின்னைப் போட்டேனா என்ற கேள்வியைத்தான் அவர் இத்தனை வருஷமும் தயார் செய்து வைத்திருந்தார், எத்தனையோ தடவை வாய்வரை வந்து திரும்பியது அது. இப்போது அதைக் கேட்க வேண்டியதே இல்லை. அந்த நேரான கழுத்தைப் பார்க்கும்போது வேறொன்று எழும்பியது. சம்பந்தம் வேண்டாம் என்று சாயர்புரத்திலிருந்து கடிதம் வந்த நாள். அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள், அப்பா சட்டைகூடப் போடாமல் வெளியே போனார், துரை கட்டிலடியில் ஒளிந்துகொண்டான். எப்சி அக்கா தலைக்குக் குளித்தாள். குளித்துவிட்டுக் கொல்லையில் வெயிலில் உட்கார்ந்து, கூந்தலை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டே ஒரு ஞானப்பாட்டைச் சத்தமாகப் பாடினாள், எல்லாச் சரணமும் பாடினாள். கட்டிலடியிலிருந்து அதைக் கேட்டபோது, எனக்காகத்தான் அக்கா தைரியமாக இருக்கிறாள், நான் செய்ததை மறைக்கத்தான் பாடுகிறாள் என்று நினைத்தான். நாற்பத்தைந்து வருஷமாக அதற்கும் சேர்த்துத்தான் வருந்தி வந்திருக்கிறார்.

மணி மூன்றரை. அவர் கையைக் கழுவவில்லை. கடைசி உருண்டையை முக்கி எடுத்து, சுழற்றி, வடியவிட்டு, இருபத்து நாலாவது துளையில் நிறுத்தினார். பிறகு அக்காவின் பக்கத்தில் போய், சாக்லேட் காய்ந்த விரல்களோடு அதே ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு கேட்டார்.

"அந்தச் சம்பந்தம் நின்னுபோனதுல உனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சாக்கா?"